எந்தத் துணி, எவர் கை: மூவர்ணக் கொடியின் பொருள் மாறிய கதை

மூவர்ணக் கொடியின் வடிவத்தை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்டது. மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை. வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீலத்தில் 24 ஆரக்கால்கள் கொண்ட சக்கரம். நீளத்துக்கும் அகலத்துக்கும் 3:2 என்ற விகிதம். அன்றிலிருந்து இன்றுவரை இதில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் அன்று சபையில் எழுந்து நின்று அந்தக் கொடியை வரவேற்றவர்களுக்கு அது என்னவாக இருந்ததோ, இன்று மொட்டைமாடிக் குழாயில் அதைக் கட்டுகிறவருக்கு அதுவாக இல்லை. வடிவம் அப்படியே இருக்கப் பொருள் மட்டும் எப்படி மாறியது?

தேசியச் சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறங்களுக்கு விளக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை வளம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததைத் தாண்டி நம்மில் பலரும் யோசித்ததில்லை. கொடியை எந்தத் துணியில் செய்யலாம், அதை யார் எங்கே ஏற்றலாம் என்ற இரண்டு கேள்விகளுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. கொடியின் பொருளை மாற்றியவை அந்த விடைகள்தாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சமூகங்களின் கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென்று ஒரே கொடி இருக்கவில்லை. 1907இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் நடந்த சர்வதேச சோசலிச மாநாட்டில் பிகாஜி காமா ஒரு மூவர்ணக் கொடியை விரித்துக் காட்டினார். அன்னி பெசன்ட்டும் திலகரும் நடத்திய ஹோம் ரூல் இயக்கத்தின் கொடி வேறு. அதில் சிவப்பும் பச்சையுமாக ஒன்பது பட்டைகள் இருந்தன. மூலையில் பிரிட்டிஷ் கொடியும் இருந்தது. பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி என்பதுதான் அந்த இயக்கம் கேட்டது. கேட்டதற்கு மேல் கொடியும் சொல்லவில்லை. 1917இல் பெசன்ட்டை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது, தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே அவர் அந்தக் கொடியைப் பறக்கவிட்டார்.

1921இல் விஜயவாடாவில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, மசூலிப்பட்டினம் பக்கத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா சிவப்பும் பச்சையும் கொண்ட ஒரு கொடியைக் காந்தியிடம் கொடுத்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. இராட்டை இடம்பெற வேண்டும் என்பது ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜின் யோசனை. மற்றச் சமயத்தாருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. பட்டைகளின் வரிசைக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு முதலிடம் என்பதால் வெள்ளை மேலே வந்தது, அடுத்துப் பச்சை, பெரும்பான்மையின் சிவப்பு கடைசியில்.

அந்த ஏற்பாட்டில் நல்லெண்ணம் இருந்தது, ஆனால் கொடி ஒரு சமூகக் கணக்குப் பட்டியலாகவும் ஆகிவிட்டது. பட்டியலில் தம் பெயரைக் காணாதவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? சீக்கியர்கள் தங்களுக்கும் ஒரு நிறம் கேட்டார்கள். 1931இல் கராச்சி காங்கிரஸ் இதை ஆராய ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. படேல், நேரு, ஆசாத், மாஸ்டர் தாரா சிங், பட்டாபி சீதாராமையா போன்றவர்கள் அதில் இருந்தார்கள். மதச் சாயல் ஒட்டாத ஒரே நிறமாக முழுவதும் காவி, மூலையில் ஓர் இராட்டை என்று குழு பரிந்துரைத்தது. காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பம்பாயில் கூடி, காவி, வெள்ளை, பச்சை, நடுவில் நீல இராட்டை என்று முடிவு செய்தது. நிறங்களுக்கும் சமூகங்களுக்கும் தொடர்பில்லை, அவை குணங்களையே குறிக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதியும் வைத்தது.

அப்படி எழுதி வைத்துத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் தேநீர்க் கடைப் பேச்சில் காவி இந்துவுக்கு, பச்சை முஸ்லிமுக்கு என்றுதான் விளக்கம் ஓடுகிறது. தீர்மானம் போட்டு நிறத்தின் பொருளை மாற்ற முடியவில்லை. அக்கொடியில் அன்று உண்மையில் வேலை செய்தது இராட்டைதான். கொடி கதரில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். கொடியின் நடுவில் வரைந்திருந்த அதே கருவியில்தான் அந்தத் துணிக்கான நூலும் நூற்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நாளுக்கு அரைமணி நேரம் நூற்று அந்தக் கொடியில் பங்கு கொள்ளலாம். அந்தக் கொடியைத் தம்முடையதாகக் கொள்வதற்கு நிறத்தைத் தாண்டி இப்படி ஒரு வழி திறந்திருந்தது.

தடை தந்த மதிப்பு

துணி ஒரு பக்கம் பொருள் தந்தது என்றால், மறுபக்கம் அதைத் தந்தது பிரிட்டிஷ் அரசின் தடை. 1923இல் ஜபல்பூரில் நகராட்சிக் கட்டடத்தில் கொடி ஏற்றுவது தொடர்பாக எழுந்த தகராறு, மே மாதம் நாகபுரியில் கொடிச் சத்தியாகிரகமாக வளர்ந்தது. ஆங்கிலேயர் குடியிருந்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் கொடியோடு ஊர்வலம் போகக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. நாள்தோறும் தொண்டர்கள் கொடியோடு நடந்து கைதானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று அதே தெருக்கள் வழியாகக் கொடி ஊர்வலம் சென்ற பிறகே போராட்டம் முடிந்தது.

கொடியில் என்ன நிறம் இருக்கிறது என்பதில் அரசுக்கு அக்கறையே இல்லை. எந்தத் தெருவில், எவர் கையில் அது இருக்கிறது என்பதுதான் அதன் கவலை. அந்தக் கவலையே ஒரு முழத் துணியை உயிரைக் கொடுத்துக் காக்கத்தக்க பொருளாக மாற்றியது. 1932 ஜனவரி 4 அன்று காந்தி கைதானார். அடுத்த வாரம், ஜனவரி 10 அன்று, திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் நடந்தது. போலீசாரின் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாத குமரன் மறுநாள் இறந்தார். சென்னிமலையில் பிறந்த அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கொடி காத்த குமரன் என்று ஊர் சூட்டிய பெயரில் அவர் செய்த செயலே இருக்கிறது. அதே மாதம் 26ஆம் தேதி விடிந்தபோது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் மூவர்ணக் கொடி பறந்தது. இரவோடு இரவாக ஏறிக் கட்டியவர் ஆர்யா என்கிற பாஷ்யம்.

இந்தக் காலகட்டத்தில் கொடி குடிமக்களிடம் இருந்தது. அதைப் பறிக்க அரசு முயன்றது. பின்னால் இந்த நிலை தலைகீழாகப் போகிறது.

இராட்டை சக்கரமானது

விடுதலை நெருங்கியதும், 1947 ஜூன் மாதம் ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்கான குழு அமைந்தது. ஆசாத், ராஜாஜி, சரோஜினி நாயுடு, முன்ஷி, அம்பேத்கர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஜூலை 22 அன்று நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். காங்கிரஸ் கட்சியின் கொடியிலிருந்து நாட்டின் கொடியைப் பிரித்துக் காட்டிய ஒரே மாற்றம், இராட்டை இருந்த இடத்தில் சாரநாத் அசோகத் தூணின் சக்கரம் வந்ததுதான்.

இதற்கு நேரு சொன்ன காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. இராட்டையில் ஒரு முனையில் சக்கரமும் மறுமுனையில் கதிரும் இருக்கும். கொடியை மறுபக்கமிருந்து பார்த்தால் இடம் மாறித் தெரியும். சக்கரம் மட்டும் என்றால் இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த நடைமுறைக் காரணத்தோடு பெரிய மாற்றம் ஒன்றும் சேர்ந்தே வந்தது. இராட்டை, ஏழையின் வீட்டில் கிடக்கும் கருவி. அசோகச் சக்கரம், பேரரசன் ஒருவன் தூணில் செதுக்கி நிறுத்திய சின்னம். சக்கரம் இராட்டையைக் குறிக்கிறது, அதன் வடிவம் அசோகருடையது என்று தீர்மானம் இரண்டையும் சேர்த்தே சொன்னது. காந்திக்கு இது எளிதில் செரிக்கவில்லை. இராட்டை இல்லாத கொடியை வணங்கமாட்டேன் என்ற பிடிவாதமும், சக்கரத்தை இராட்டையின் சக்கரமாகவே கொள்ளலாம் என்ற சமாதானமும் அந்த நாள்களின் அவரது பேச்சிலும் எழுத்திலும் மாறி மாறி வருகின்றன.

சபையில் ஒவ்வொருவரும் தத்தம் பொருளைக் கொடிக்குள் வைத்தார்கள். ராதாகிருஷ்ணன் காவியில் துறவையும், பச்சையில் மண்ணோடு உள்ள உறவையும், சக்கரத்தில் அறத்தையும் கண்டார். முஸ்லிம் லீக் உறுப்பினர் சௌத்ரி கலீக்குஸ்ஸமான் ஆதரித்துப் பேசினார். ஆதிவாசிகள் சார்பில் பேசிய ஜெய்பால் சிங், தம் கிராமங்கள் காலங்காலமாகத் தத்தமக்கென்று கொடி வைத்திருப்பவை என்பதை நினைவூட்டிவிட்டுத்தான் இந்தக் கொடியை ஏற்றார். எல்லாரும் ஒரே கொடியை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ஒரே பொருளை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கொடி நிலைத்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் சென்னைக் கோட்டையில் ஏற்றிய கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 12 அடி நீளம், 8 அடி அகலம், பட்டுத் துணி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பாஷ்யம் திருட்டுத்தனமாக ஏற வேண்டியிருந்த அதே கோட்டையில் இந்த முறை அரசாங்கமே கொடியேற்றியது.

அரசின் கையில்

விடுதலைக்குப் பிறகு கொடி அரசின் சொத்துபோல் ஆனது. 1950இல் சின்னங்களையும் பெயர்களையும் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971இல் தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கொடியை எரித்தால், கிழித்தால் மூன்றாண்டுவரை சிறை. அரசு அலுவலகங்களில் கொடி நாள்தோறும் பறக்கும். அமைச்சர் காரில் பறக்கும். சாதாரணக் குடிமகன் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே அன்று தன் வீட்டில் ஏற்ற முடிந்தது. குமரன் உயிரை விட்டுக் காத்த கொடியை, குமரன்கள் நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது என்பதுதான் சுதந்திர இந்தியாவின் விதியாக இருந்தது.

பிரிட்டிஷ் ஆய்வாளர் மைக்கேல் பில்லிக் 1995இல் எழுதிய நூலில், தேசிய உணர்வைக் காப்பது விழாவில் ஆவேசமாக ஆட்டும் கொடியல்ல, அன்றாடம் யாரும் கவனிக்காமல் ஒரு கட்டடத்தில் தொங்கும் கொடிதான் என்று வாதிட்டார். மேலை நாடுகளுக்கு அது பொருந்தலாம். இந்தியாவில் அரைநூற்றாண்டு காலம் அரசு இதற்கு நேர்மாறாகச் செய்தது. கொடியை அரிதாக்கியே அதன் மதிப்பைக் காத்தது. நடுவண் அரசின் கொடி என்று அதைப் பலர் பார்க்க இதுவும் ஒரு காரணமாயிற்று.

அந்தப் பார்வை தமிழகத்தில் வெளிப்படையாகவே இருந்தது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று அறிவித்த பெரியார், 1955இல் இந்தித் திணிப்புக்கு எதிராக ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப்போவதாக அறிவித்தார். இந்தி திணிக்கப்படாது என்று முதல்வர் காமராசர் உறுதி சொன்ன பிறகு அது கைவிடப்பட்டது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதற்கு எதிராக 1957இல் சென்னை மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. மத்தியச் சட்டம் வந்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து.

பெரியாரின் இயக்க வழிவந்த கருணாநிதி, முதல்வரான பின் 1970இல் தமிழகத்துக்கென ஒரு மாநிலக் கொடியை முன்மொழிந்தார். ஒரு மூலையில் தேசியக் கொடியும் இன்னொரு பக்கம் கோபுரச் சின்னமும் கொண்ட அந்த மாதிரி நடைமுறைக்கு வரவில்லை. பிறகு அவர் வேறொன்றைக் கேட்டார். டெல்லியில் சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றுகிறார், குடியரசு தினத்தன்று குடியரசுத் தலைவர். மாநிலங்களில் மட்டும் இரண்டு நாளும் ஆளுநரே ஏற்றுவது ஏன்? இந்திரா காந்தி அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி கொடியேற்றினார். இந்தியா முழுவதும் முதல்வர்களுக்கு அந்த உரிமை அன்றுமுதல் கிடைத்தது.

எரிப்பேன் என்ற அறிவிப்புக்கும் ஏற்றுவேன் என்ற கோரிக்கைக்கும் நடுவில் பத்தொன்பது ஆண்டுகள். இடையில் 1963இல் திமுக பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டதும், 1967இல் ஆட்சிக்கு வந்ததும் இந்த மாற்றத்துக்கு அடிப்படை. கொடியில் எதுவும் மாறவில்லை. ஏற்றும் கை மாறியது. ஆளுநர் ஏற்றியவரை அது டெல்லியின் கொடி. மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஏற்றியபோது அதில் மாநிலத்துக்கும் பங்கு வந்தது. நாட்டின் சின்னத்தை ஒரு மாநிலம் தனதாக்கிக்கொண்டது வெறும் பற்றினால் அல்ல, உரிமை கேட்டுப் பெற்றதால்.

நீதிமன்றம் திறந்த கதவு

தனிமனிதரின் உரிமை இதற்கும் பிறகுதான் வந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தம் ராய்கர் ஆலையில் நாள்தோறும் கொடியேற்றி வந்ததை 1990களின் தொடக்கத்தில் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1995இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடிச் சட்டகம் நடைமுறைக்கு வந்து, குடிமக்கள் எந்த நாளும் கொடியேற்றலாம் என்றது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் பகுதி என்று அறிவித்தது.

இத்தீர்ப்பின் விளைவு பெரிது. கொடி அரசின் குறி என்ற நிலையிலிருந்து குடிமகனின் பேச்சு என்ற நிலைக்கு வந்தது. பேச்சு என்றால் அரசை எதிர்த்தும் பேசலாம் அல்லவா? 2011இல் ஊழல் எதிர்ப்புப் போராட்டத்தில் டெல்லி மைதானம் மூவர்ணத்தில் நிரம்பியது. 2019-20இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஷாஹீன் பாக்கில் அமர்ந்த பெண்களும் அதே கொடியைத்தான் பிடித்தார்கள். ஆளுங்கட்சி ஊர்வலத்திலும் அதே கொடிதான்.

கதரிலிருந்து பாலியஸ்டருக்கு

எவர் கை என்பதில் இவ்வளவு மாறியபோதும் துணியில் விதி கறாராகவே இருந்தது. இந்தியத் தர நிர்ணயத் துறையின் வரிசையில் ஐஎஸ் 1, அதாவது முதல் எண், 1951இல் தேசியக் கொடிக்குத்தான் கொடுக்கப்பட்டது. துணியின் எடை, இழைகளின் எண்ணிக்கை, சாயத்தின் தன்மை, சக்கரத்தின் அளவு என எல்லாமே அதில் உண்டு. 6300 மில்லிமீட்டர் நீளத்திலிருந்து மேசையில் வைக்கும் 150 மில்லிமீட்டர்வரை ஒன்பது அளவுகள்.

இந்தத் தரத்தில் கதர்க் கொடி செய்வதில் பெயர்பெற்றது கர்நாடகத்தில் ஹுப்பள்ளியை அடுத்த பெங்கேரியில் இருக்கும் கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு. பாகல்கோட்டை மாவட்டக் கிராமங்களில் கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த துணி அங்கே வரும். வெளுத்து, மூன்று பாகமாகப் பிரித்துச் சாயமேற்றுவார்கள். வெள்ளைப் பட்டையின் இருபுறமும் சக்கரத்தை அச்சிடுவார்கள். ஒருபுறத்துச் சக்கரம் மறுபுறத்துச் சக்கரத்தோடு பிசகாமல் பொருந்த வேண்டும். 1947இல் நேரு சபையில் சொன்ன காரணம் அங்கே ஒரு தொழிலாளியின் கை நிதானத்தில் சோதிக்கப்படுகிறது. பிறகு மூன்று பட்டைகளையும் இணைத்துத் தைத்து, கயிறு நுழைக்க முரட்டுக் கதரில் உறை வைத்து, மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

2021 டிசம்பர் 30 அன்று உள்துறை அமைச்சகம் கொடிச் சட்டகத்தைத் திருத்தியது. கையால் நூற்று நெய்த கதர் என்றிருந்த இடத்தில் இயந்திரத்தில் செய்ததும், பாலியஸ்டரும் சேர்ந்தன. 2022 ஜூலையில் இரவிலும் பறக்கவிடலாம் என்றானது. அந்த ஆகஸ்டில் வீடுதோறும் மூவர்ணம் என்ற இயக்கம் 20 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை இலக்காக வைத்தது. அத்தனை கொடிகளைக் கைத்தறியில் சில மாதங்களில் நெய்ய முடியாது, விலையும் கட்டுப்படியாகாது. அரசின் பக்கத்து நியாயம் அதுதான். ஏழையின் வீட்டிலும் கொடி ஏற வேண்டும் என்றால் அது மலிவாக இருக்க வேண்டும் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. சூரத்தின் ஆலைகள் இரவு பகலாக ஓடின. கதர்த் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இங்கே இழந்தது வேலைவாய்ப்பு மட்டுமல்ல. 1921இல் கொடியில் பங்கு கொள்வது என்றால் நூற்பது; 1932இல் அடிவாங்குவது; 2004க்குப் பிறகு சொந்த விருப்பத்தில் ஏற்றுவது. 2022இல் அது வாங்கிக் கட்டிப் படம் பிடித்து ஏற்றுவது. பில்லிக் சொன்ன கவனிக்கப்படாத கொடி இப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. ஆகஸ்ட் முடிந்து மாதங்கள் கழித்தும் மாடிகளில் வெளுத்துக் கிழிந்து தொங்கும் பாலியஸ்டர் கொடிகளில் அதைப் பார்க்கலாம். பழைய அரிதாக்கலை நான் ஏக்கத்தோடு நினைக்கவில்லை. ஆனால் உரிமையாகக் கிடைத்த ஒன்று, இரண்டு பத்தாண்டுகளுக்குள் இயக்கமாக, கணக்குக் காட்டும் எண்ணிக்கையாக மாறியதைக் குறிக்காமல் இருக்க முடியாது.

இன்னும் எட்டாத கைகள்

வீடுதோறும் கொடி என்று நாடு பேசிய அதே 2022 ஆகஸ்டில், தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்னோடியாக, திருவள்ளூர் மாவட்ட ஊராட்சி ஒன்றில் 2020 சுதந்திர தினத்தன்று பெண் தலைவர் ஒருவர் கொடியேற்ற விடப்படவில்லை என்ற புகார் செய்தியானது. சில நாள் கழித்து அதிகாரிகள் முன்னிலையில் அவர் ஏற்றினார்.

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவருக்கு ஊராட்சி அலுவலகக் கம்பத்தின் கயிற்றைத் தொடவே போலீஸ் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. ஆனால் தடுக்கிறவர்களுக்கும் தெரிந்த ஓர் உண்மை இதில் இருக்கிறது. அந்தக் கயிற்றை இழுப்பவர்தான் அந்த ஊரில் அரசு. கொடி வெறும் துணி என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. 1923இல் நாகபுரி சிவில் லைன்ஸில் நடந்ததும் இந்த ஊர்களில் நடப்பதும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன.

விவாதம் எங்கே நடக்க வேண்டும்

நிறங்களைப் பற்றி 1931இல் காங்கிரஸ் குழு அமைத்து விவாதித்தது. சக்கரத்தைப் பற்றி 1947இல் ஒரு சபை முழுக்கப் பேசியது. இராட்டையோடு பிறந்த கொடி கதரை விட்டு விலகிய 2021 மாற்றமோ அமைச்சக ஆணை ஒன்றில் முடிந்துவிட்டது. கொடிச் சட்டகம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல என்று 2004 தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அது நிர்வாக அறிவுரைகளின் தொகுப்பு. ஆகவே அதைத் திருத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கடந்த நூறாண்டில் இந்தக் கொடியின் பொருளை மாற்றிய திருப்பங்களில் வடிவம் மாறியதால் நேர்ந்தவை குறைவு. தெருவைத் திறந்த போராட்டம், ஆளுநரிடமிருந்து முதல்வருக்குப் போன கயிறு, ஓர் ஆலை முற்றத்திலிருந்து கிளம்பிய வழக்கு, அமைச்சகத்தின் திருத்தம் ஆகியவையே அந்தத் திருப்பங்கள். அடுத்த மாற்றமும் நிறத்திலோ சக்கரத்திலோ வரப்போவதில்லை. அப்படி வந்தால் நாடே கொந்தளிக்கும், எனவே அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மாற்றம் ஒரு விதியில், ஒரு வரியில் வரும். அந்த வரிகளை எழுதுமுன் நாடாளுமன்றத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று கேட்பதே, கொடிக்குக் குடிமக்கள் இன்று செய்யக்கூடிய மரியாதை.